தஞ்சாவூர் மினி டைடல் பார்க்கால நம்ம பசங்களுக்கு வேலை வருமா?

காவிரிக்கரை_பையன்:
மேலவஸ்தாசாவடில ஐடி கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட அரசு கட்டின மினி டைடல் பார்க்க 2024 செப்டம்பர்ல திறந்தாங்கல்ல, என் தம்பி பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம், வீட்ல அம்மா இங்கயே வேலை வந்துருச்சு சென்னைக்கெல்லாம் போக வேணாம்னு ஒரே பிடிவாதம். நிஜமாவே உள்ளூர் பசங்கள எடுப்பாங்களா, இல்ல வெறும் கட்டிடம் தானா?

டீ_ஸ்ட்ராங்:
மொத்தமே 55,000 சதுர அடி ப்ரோ. ஆளுக்கு நூறு அடினு வச்சாலும் ஐநூத்தி சொச்சம் சீட்டு. டெல்டால வருஷா வருஷம் டிகிரி முடிச்சிட்டு வர்ற கூட்டத்துக்கு இது யானைப்பசிக்கு சோளப்பொரி. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கேப், மெஸ்னு வெளிய கொஞ்சம் பேருக்கு பொழப்பு ஓடும், அவ்ளோதான்.

தரமணி_அக்கா:
சீட்ட மட்டும் எண்ணாதீங்க தம்பி, உள்ள என்ன நடக்குதுங்கறது தான் முக்கியம். சென்னைல ஐஐடி ரிசர்ச் பார்க் 2010ல இருந்து ஓடுது, அங்க வாடகை கட்டினா மட்டும் போதாது, கிரெடிட் கணக்கு ஒண்ணு இருக்கு, ஸ்டூடண்ட்ஸ இன்டெர்னா எடுக்கணும், ப்ரொஃபசர்களோட ப்ராஜெக்ட் பண்ணணும், அப்பதான் கிரெடிட் ஏறும். அதனால படிக்கும்போதே பசங்க கம்பெனிக்குள்ள கால் வச்சிடறாங்க. தைவான்ல சின்ச்சு பார்க்கும் அப்டித்தான், 1980ல ஆரம்பிக்கறப்பவே பக்கத்துல ரெண்டு யூனிவர்சிட்டி, ஐடிஆர்ஐனு அரசு ஆராய்ச்சி நிலையம் எல்லாம் இருந்துச்சு, 1987ல சிப் தயாரிக்கற டிஎஸ்எம்சி கம்பெனி கிளம்புனதே அந்த ஐடிஆர்ஐல இருந்துதான். தஞ்சாவூர்லயும் சரக்கு இல்லாம இல்ல, புதுக்கோட்டை ரோட்ல நிஃப்டெம்னு ஃபுட் ப்ராசஸிங் படிப்பும் ஆராய்ச்சியும் நடக்கற மத்திய அரசு நிறுவனம் இருக்கு, ஆடுதுறைல நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அத விட்டுட்டு ஐடி ஆபிஸுக்கு இடம் வாடகைக்கு விடறதோட நிறுத்திட்டா என்னத்த சொல்றது.

கும்மோணம்77:
அக்கா சொல்றது சரிதான், ஆனா அதுக்கெல்லாம் பொறுமை வேணும். அமெரிக்கால நார்த் கரோலினா, புகையிலையும் ஜவுளியும் ஃபர்னிச்சரும்தான் அங்க பொழப்பு, படிச்ச பசங்க வெளியூர் ஓடறாங்கனு 1959ல ரிசர்ச் ட்ரையாங்கிள் பார்க் ஆரம்பிச்சாங்க, ஐபிஎம் வர்றேன்னு சொல்லவே 1965 ஆயிடுச்சு. அதுவும் மூணு பெரிய யூனிவர்சிட்டி சுத்தி இருந்தும்!

காவிரிக்கரை_பையன்:
ஆறு வருஷம்லாம் அம்மா விட்டாலும் தம்பி தாங்க மாட்டான் அண்ணே 😅 நிஃப்டெம்ல புதுசா தொழில் ஆரம்பிக்கறவங்களுக்கு உதவற இன்குபேஷன் சென்டர் இருக்குல்ல, அங்க சாஃப்ட்வேர் பசங்களுக்கு ஏதாவது வேலை இருக்குமா?

தரமணி_அக்கா:
ஃபுட் ப்ராசஸிங் ஆளுங்களுக்குத்தான் அது, ஆனா அங்க தொழில் ஆரம்பிக்கறவங்களுக்கும் வெப்சைட், பில்லிங், ஸ்டாக் கணக்குனு தேவைப்படும்ல, நேர்ல போய் கேக்கச் சொல்லு. டைடல்லயும் வாசல்ல ரெஸ்யூம் குடுத்துட்டு வராம, உள்ள எந்தெந்த கம்பெனினு போர்டுல பாத்து அவங்களுக்கே மெயில் போடச் சொல்லு. முதல்ல இன்டெர்ன்ஷிப் கேக்கட்டும், சம்பளம் அப்புறம்.

டீ_ஸ்ட்ராங்:
சம்பளம் அப்புறம்னா பஸ் காசு யாரு தருவா அக்கா, ஸ்டைபண்ட் உண்டானு மொத மெயில்லயே கேட்ருடா தம்பி