சரணாலயக் காணியில் பழைய குப்பை மேடு: துப்புரவுச் செலவை யாரிடம் கேட்பது?

கேள்வி: கால்வாய்க்கரை

வணக்கம். கொழும்பைச் சூழ்ந்துள்ள ஈரநிலங்களில் ஒன்றின் ஓரத்தில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. அந்நிலத்தின் பெரும்பகுதி அரச காணி. சரணாலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன் ஒரு மூலையில் உள்ளூராட்சி சபை ஒன்று பல ஆண்டுகளாகக் குப்பை கொட்டி வந்தது. பின்னர் கொட்டுவதை நிறுத்தி, மேலே செம்மண்ணைப் பரப்பிவிட்டுச் சென்றுவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இன்று அது புல் முளைத்த ஒரு மேடாகத்தான் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால், மண் கரைந்த இடங்களில் கிழிந்த பொலித்தீன் பைகளும் மருந்துக் குப்பிகளும் சேலைன் குழாய்களும் அடுக்கடுக்காக வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. மழை பெய்தால் மேட்டின் அடியிலிருந்து பிளேன்டீ நிறத்தில் நீர் கசிந்து, எண்ணெய்ப் படலத்தோடு கால்வாயில் இறங்குகிறது. அதே கால்வாயில் மாலை நேரங்களில் பிள்ளைகள் தூண்டில் போடுகிறார்கள்.

சபையிடம் கேட்டால், காணி வனசீவராசிகள் திணைக்களத்தினுடையது, தங்கள் பாதீட்டில் இதற்கு ஒதுக்கீடு இல்லை என்கிறார்கள். திணைக்களத்திடம் கேட்டால், குப்பையைக் கொட்டியது தாங்கள் அல்ல என்கிறார்கள். இந்த நிலையில் தனியார் நிறுவனம் ஒன்று தனது சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து செலவை ஏற்க முன்வந்துள்ளது. மேட்டை மூடிய பிறகு அதன் ஒரு பகுதியைத் தங்கள் வாகனத் தரிப்பிடமாகப் பயன்படுத்த அனுமதி வேண்டும் என்பது அவர்கள் கேட்கும் கைம்மாறு. எங்கள் நலன்புரிச் சங்கத்தில் சிலர் அதை ஏற்கலாம் என்கிறார்கள்; வேறு சிலர் வீட்டுக்கு வீடு பணம் சேர்க்கலாம் என்கிறார்கள். சட்டப்படி இந்தச் செலவு யாருடையது, பணத்தை எந்த வழியில் திரட்டுவது முறை என்பதை அறிந்தவர்கள் எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும். சபைக்கு ஒரு கடிதம் அனுப்ப இருப்பதால் ஊர், சபை ஆகியவற்றின் பெயர்களை இங்கே தவிர்த்துள்ளேன்.

பதில்: புதுக்கடை

ஐயா, கடிதம் எழுதுவதற்கு முன்னர் ஒரு விடயத்தைத் தெளிவாக மனதில் கொள்ளுங்கள். காணி யாருடையது என்பதும், குப்பை யாருடையது என்பதும் இரண்டு வேறு கேள்விகள். மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்திலும், நகர சபைகள் கட்டளைச் சட்டத்திலும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்திலும், சேகரிக்கப்பட்ட குப்பை அந்தந்தச் சபையின் உடைமை என்றும், அதை எவருக்கும் தொல்லை ஏற்படாதவாறு அகற்றுவது சபையின் கடமை என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. தன்னுடைய உடைமையை இன்னொருவரின் காணியில் விட்டுவிட்டுப் போனவர், காணிச் சொந்தக்காரரைக் கை காட்டுவதில் நியாயம் இல்லை. திணைக்களத்தின் பொறுப்பு வேறு வகையானது. சரணாலயத்தைக் காக்கும் அதிகாரம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அவர்களிடமே இருப்பதால், சபையிடம் செலவைக் கோர வேண்டியவர்களும் அவர்கள்தான். கை கழுவி ஒதுங்கி நிற்க முடியாது.

மாசுபடுத்தியவரே செலவைச் செலுத்த வேண்டும் என்ற கோட்பாடு நமது நீதிமன்றங்களுக்குப் புதியதன்று. எப்பாவல பொஸ்பேற்றுச் சுரங்கத் திட்ட வழக்கில் 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அதை எடுத்துரைத்தது. சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த விவகாரத்தில், மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என 2019ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து கடலை நாசமாக்கியதற்கு, கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்த வேண்டும் என்று 2025ஆம் ஆண்டு யூலையில் தீர்ப்பு வந்தது. பணம் செலுத்துமாறு உத்தரவிடப்பட்டவை தனியார் தரப்புகள் என்பது உண்மை. ஆயினும் ஒரு பொது அமைப்பு மாசுபடுத்தினால் அந்தக் கோட்பாடு பொருந்தாது என்று எங்கும் சொல்லப்படவில்லை. அரசியலமைப்பின் 27(14) உறுப்புரை, சுற்றாடலைப் பேணுவதை அரசின் கடமையாகவே வைத்திருக்கிறது.

ஆகவே வீட்டுக்கு வீடு பணம் சேர்ப்பதை நான் வலுவாக எதிர்க்கிறேன். நீங்கள் ஒரு ரூபா கொடுத்த கணத்திலிருந்து, இது குடியிருப்பாளர்களின் சிரமதான வேலை என்ற எண்ணம் சபைக்கு உறுதிப்பட்டுவிடும். அதற்குப் பதிலாக, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபைக்கும் திணைக்களத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை கொட்டப்பட்டது, யாருடைய அனுமதியுடன் கொட்டப்பட்டது, செம்மண் பரப்பிய ஒப்பந்தத்துக்கு எவ்வளவு செலுத்தப்பட்டது என்பவற்றைக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். செம்மண்ணுக்குப் பணம் செலுத்திய பற்றுச்சீட்டு ஒன்று கிடைத்தால், மேடு தங்களுடையது என்று சபையே ஒப்புக்கொண்டதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பதில்: மண்ணும் நீரும்

கழிவு முகாமைத்துவத் துறையில் பணியாற்றும் பொறியியலாளர் என்ற வகையில், புதுக்கடை அவர்கள் எழுதியதற்குத் தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். "குப்பையை அகற்றித் தாருங்கள்" என்று கடிதம் எழுத வேண்டாம் என்பதே எனது முதல் வேண்டுகோள். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது என்று தெரியாத நிலையில் எவராலும் சரியான தொகையைக் கூற முடியாது. தொகை இல்லாத கோரிக்கையைத் திறைசேரி முதல் பக்கத்திலேயே ஒதுக்கிவிடும். முதலில் ஆய்வுக்கு மட்டும் பணம் கேளுங்கள். மேட்டில் சில துளைகள் இட்டு, குப்பையின் ஆழத்தையும் அதன் கீழுள்ள மண்ணையும் பார்க்க வேண்டும். கசிநீரிலும் கால்வாயின் அடிச்சேற்றிலும் ஈயம், கட்மியம், குரோமியம் போன்ற உலோகங்களையும் அமோனியாவையும் அளக்க வேண்டும். மெதேன் வெளியேறுகிறதா என்பதையும் அறிய வேண்டும். முழுத் துப்புரவுச் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. ஒரு சபையின் ஓராண்டுப் பாதீட்டிலேயே இதற்கு இடம் காண முடியும்.

கீழுள்ள மண்ணைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கொழும்பின் தாழ்நிலங்களில் மேல்மண்ணின் கீழே பெரும்பாலும் சதுப்புக் கரிமண்தான் உள்ளது. அது பாரம் தாங்காது. புளூமெண்டால் மேடு 2009இல் மூடப்பட்ட பின்னர் நகரத்தின் குப்பை முழுவதும் மீதொட்டமுல்லைக்குத் திருப்பப்பட்டது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, அந்த மேடு சரிந்து 32 பேர் உயிரிழந்தனர். உங்கள் மேடு அதனோடு ஒப்பிடச் சிறியதாக இருக்கலாம். ஆனாலும் வாகனத் தரிப்பிடம் என்ற யோசனையைக் கேட்டதும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அதுதான். கீழே உக்கிக் குறைந்துகொண்டே வரும் குப்பை, அதற்கும் கீழே மென்மண், மேலே லொறிகள்: எந்தப் பொறியியலாளரும் பொறுப்போடு கையொப்பமிடக் கூடிய திட்டம் அல்ல இது.

ஆய்வுக்குப் பிறகு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மேட்டின் சரிவைக் குறைத்து, களிமண்ணாலோ செயற்கை விரிப்பாலோ மூடி, சுற்றிலும் வடிகால் அமைத்துக் கசிநீரைச் சேகரிப்பது. மற்றது, தோண்டிச் சலித்துப் பிரிப்பது. சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் இந்த இரண்டாவது வழியையே மேற்கொண்டார்கள். அதற்குச் சுமார் 350 கோடி இந்திய ரூபா திட்டமிடப்பட்டது. ஈரநிலங்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சார் சாசனத்தின் கீழ், பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. தோண்டினால் பெருமளவு மண் போன்ற பொருள் கிடைக்கும். அதை உரம் என்று சொல்லி விற்கச் சிலர் முன்வருவார்கள். உலோகங்களை அளக்காமல் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். பொலித்தீனையும் துணியையும் சீமெந்துச் சூளையில் எரிபொருளாகப் பயன்படுத்தலாம், ஆனால் சேறு அப்பிய பழைய பிளாஸ்டிக்கைக் கழுவி உலர்த்தும் செலவைக் கணக்கில் சேர்க்காத மதிப்பீட்டை நம்ப வேண்டாம். சேலைன் குழாய்கள் இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதால், மருத்துவக் கழிவு கலந்துள்ளதாகவே கருத வேண்டும். கூலியாட்களை வெறுங்கையோடு அங்கே இறக்கக் கூடாது. எந்த வழியாயினும், மேட்டைத் திறக்கும் வேலையை சனவரி முதல் மார்ச் வரையான வறண்ட காலத்தில் முடிக்க வேண்டும். ஒக்டோபர் மழையில் திறந்த மேட்டிலிருந்து கால்வாய்க்கு இறங்கும் அழுக்கு, மூடிக் கிடந்த காலத்தில் இறங்கியதைவிட மோசமாக இருக்கும்.

மூன்றாவது செலவு ஒன்று உண்டு. எல்லோரும் மறப்பது அதைத்தான். மூடிய பிறகு கசிநீரையும் வாயுவையும் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் வகுத்த விதியின்படி, குப்பை நிரப்பு நிலத்தை மூடிய பின் குறைந்தது 30 ஆண்டுகளுக்கான பராமரிப்புச் செலவைக் கொட்டும் காலத்திலேயே கட்டணமாக அறவிட வேண்டும். நமது மேடுகளில் எதற்கும் அப்படி ஒரு பணம் சேர்த்து வைக்கப்படவில்லை.

பதில்: ஒலுவில் காற்று

பராமரிப்புப் பணத்தைப் பற்றி மேலே எழுதப்பட்டதற்கு எங்கள் மாவட்டத்திலேயே கண்கூடான சான்று இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் 2008ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு கழிவு முகாமைத்துவ நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதைச் சுற்றியிருந்த மின்வேலியை 2014இல் மின்னல் தாக்கியது. வேலி திருத்தப்படவே இல்லை. அதன் பின்னர் யானைகள் தடையின்றி உள்ளே வந்து, உணவு வாசனை ஒட்டியிருந்த பொலித்தீனைத் தின்று, ஒன்றன்பின் ஒன்றாக மாண்டன. 2022 தொடக்கம் வரை இறந்தவை சுமார் 20 என்று செய்திகள் வெளியாயின. கட்டுவதற்குப் பணம் வந்தது. வேலியைத் திருத்துவதற்கு வரவில்லை. எந்த நன்கொடையாளரிடம் போனாலும், கட்டி முடித்த பிறகு யார் செலவு செய்வார் என்பதை எழுத்தில் வாங்காமல் வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

பதில்: தென்தீவு

நான் கொழும்பில் பிறந்து வளர்ந்து, இப்போது நியூசிலாந்தின் தென்தீவில் வசிக்கிறேன். இங்கே 2019ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் பெய்த கடும் மழையில் பொக்ஸ் ஆறு பெருக்கெடுத்து, கரையிலிருந்த மூடப்பட்ட பழைய குப்பைக் கிடங்கை உடைத்தது. குப்பை ஆற்றோடு போய் மேற்குக் கரையின் நீண்ட கடற்கரை முழுவதிலும், பாதுகாக்கப்பட்ட அரச நிலங்களிலும் பரவியது. முதலில் ஊர் மக்களும் தொண்டர்களும் பொறுக்கினார்கள். வேலை அவர்கள் சக்தியை மீறியபோது அரசின் இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களம் பொறுப்பேற்றது, இராணுவத்தினரும் வந்தார்கள். அந்தச் சிறிய உள்ளூராட்சி சபையின் வரிப்பணத்தால் தாங்கக் கூடிய செலவாக அது இருக்கவில்லை.

இங்கே குப்பை நிரப்பு நிலத்தில் கொட்டப்படும் ஒவ்வொரு தொன்னுக்கும் தீர்வை அறவிடப்படுகிறது. 2009இல் 10 டொலராக இருந்தது, 2024இல் 60 டொலரானது. அதில் பாதி உள்ளூராட்சி சபைகளுக்குச் செல்கிறது. மாசடைந்த இடங்களையும் ஆபத்தில் உள்ள பழைய கிடங்குகளையும் சரிசெய்யும் நிதியத்துக்கும் அந்தத் தீர்வைப் பணத்தைப் பயன்படுத்த 2024இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்று கொட்டுபவரிடம் வாங்கி, நேற்றுக் கொட்டியதைச் சுத்தம் செய்வது சரியா என்று இங்கும் வாதம் உண்டு. நான் சரி என்றே நினைக்கிறேன். நேற்றுக் கொட்டியவர்களைத் தேடிப் பிடித்துப் பணம் வாங்குவது பெரும்பாலும் முடியாத காரியம். மலிவாகக் கொட்டிப் பழகிய நகரம் அந்த மலிவின் விலையை எப்போதாவது கட்டத்தான் வேண்டும்.

கால்வாய்க்கரை

எல்லோருக்கும் நன்றி. தகவல் அறியும் விண்ணப்பங்களை எழுதத் தொடங்கிவிட்டோம். ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியுள்ளது. நிறுவனத்தின் பணத்தைத் தரிப்பிடம் என்ற நிபந்தனை இல்லாமல், ஆய்வுக்காக மட்டும் வாங்கலாமா? சபை ஆய்வுக்குக்கூட ஒதுக்காமல் இழுத்தடித்தால் வேறு வழி என்ன?

மண்ணும் நீரும்

வாங்கலாம் என்பது என் கருத்து. சங்கத்தின் கையில் வாங்காமல், ஆய்வைச் செய்யும் பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் நேரடியாகச் செலுத்தட்டும். முடிவுகள் மூன்று மொழிகளிலும் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும் என்பது நிபந்தனையாக இருக்கட்டும். பதிவு செய்யப்பட்ட சங்கமாக இருந்தால், உலக சுற்றாடல் வசதி (GEF) என்ற சர்வதேச நிதியத்தின் சிறு மானியத் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அதில் பொதுவாக 50,000 அமெரிக்க டொலர் வரை கிடைக்கும். மேட்டை மூட அது போதாது. ஆய்வுக்கும், கால்வாய்க்கரையில் தாவரங்களை மீள நடுவதற்கும் தாராளமாகப் போதும்.

புதுக்கடை

இதில் நான் உடன்படவில்லை. நிறுவனத்தின் பணம் ஆய்வுக்கு வந்தால், அடுத்த கட்டத்தில் தரிப்பிடக் கோரிக்கை வேறு பெயரில் திரும்பி வரும். சரணாலயக் காணியின் ஒரு அங்குலத்தையும் பண்டமாற்றாகக் கொடுக்க உங்கள் சங்கத்துக்கோ சபைக்கோ அதிகாரம் கிடையாது என்பதைக் கடிதத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். மானியத் திட்ட யோசனையை ஏற்கிறேன். சபை இழுத்தடித்தால், மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியைக் கணக்காய்வாளர் நாயகத்துக்கும் அனுப்புங்கள். கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அந்த அங்கீகாரம் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீளாய்வு செய்யப்படுவது. கால்வாயில் இறங்கும் அந்த நீரின் புகைப்படத்தையும், எடுத்த திகதியையும் இணைத்து அனுப்பினால், கோப்பை மூடி வைப்பது அவர்களுக்கு எளிதாக இருக்காது. விண்ணப்பத்தின் வரைவை இங்கே பதிவிட்டால் திருத்தித் தருகிறேன். சபையின் பாதீட்டு வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுவதற்கு முன்னர் அது அவர்கள் கையில் இருக்க வேண்டும்.