அவசரம்: பின் டயர்ல காத்து நிக்கல, சனிக்கிழமை கிளேர் ரைடு

சரளைப்பிரியன்
எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை காலையில சவுத் ஆஸ்திரேலியா கிளேர் பள்ளத்தாக்குல, ஆபர்ன்ல இருந்து ரீஸ்லிங் டிரெய்ல்ல (திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவுல போற சரளைப் பாதை) சைக்கிள்ல போறோம். பின் டயர் ராத்திரி ஃபுல்லா அடிச்சு வச்சா காலையில தரையோட ஒட்டிக் கிடக்கு. சீலண்ட் (ஓட்டையை உள்ள இருந்து அடைக்கிற திரவம்) ரெண்டு தடவை ஊத்திப் பாத்துட்டேன். போன வாரம் முள்ளு ஏறுச்சு, எல்லாத்தையும் பிடுங்கிட்டேன். என்ன பண்ணலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

கிராங்கு
டயர் சைஸ் என்ன, காத்து அழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ அடிக்கிறீங்க, உங்க எடை எவ்வளவு? ரிம் ஹுக்லெஸ்ஸா (விளிம்புல கொக்கி இல்லாததா)? சீலண்ட் எத்தனை மில்லி?

பழைய_செயின்
ஒவ்வொரு கோடையிலயும் இதே கேள்வி. டயர் சைஸ் கூடப் போடாம "காத்து நிக்கல"ன்னா, இங்க யாரும் ஜோசியம் பாக்க உக்காரல தம்பி. மேல பின் பண்ணி வச்சிருக்கிறதை முதல்ல படிங்க.

வால்வுமூடி
ரிம் உள்பக்கம் காத்து கசியாம ஒட்டுற ரிம் டேப்தான், சந்தேகமே வேண்டாம். சோப்புத் தண்ணியை ஸ்போக் நிப்பிள், வால்வு அடி, டயர் விளிம்பு மூணுலயும் தடவுங்க. நிப்பிள்ல குமிழ் வந்தா டேப் கிழிஞ்சிருக்கு. ரிம்மோட உள் அகலத்தை விட 2 மி.மீ அகலமான டேப் வாங்கி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வச்சுத் துடைச்சு, இழுத்துப் பிடிச்சு ரெண்டு சுத்து ஒட்டுங்க.

கிராங்கு
இல்ல, எனக்கு வால்வு கோர் (வால்வுக்குள்ள காத்தை மூடுற சின்னப் பாகம்) மேலதான் சந்தேகம். சீலண்ட் காஞ்சு கோர்ல அடைச்சா முழுசா மூடாது. கழட்டித் துடைச்சுப் போடுங்க, இல்லன்னா புதுசு போடுங்க. CO2 குப்பி வச்சு அடிச்சீங்களா? அந்த வாயுவோட குளிர்ல லேடெக்ஸ் சீலண்ட் திரிஞ்சு கட்டியாயிடும்.

சரளைப்பிரியன்
700×40. நான் 78 கிலோ. 32 பிஎஸ்ஐ. சீலண்ட் 60 மில்லி, அப்புறம் இன்னொரு 60. CO2 இல்ல, கைப்பம்புதான். பைக்கு புதுசு, ரெண்டு மாசம்தான் ஆச்சு.

முள்ளுக்காடு
முள்ளைப் பிடுங்கினப்போ அந்த ஓட்டையில சீலண்ட் கசிஞ்சுதா? வெள்ளையா ஈரப்புள்ளி தெரிஞ்சுதா?

சரளைப்பிரியன்
இல்லண்ணா, எதுவும் வரல. காத்து மட்டும் மெதுவா போச்சு.

முள்ளுக்காடு
அப்ப அது டியூப்லெஸ்ஸே (டியூப் இல்லாம டயரும் ரிம்மும் மட்டும் காத்தைப் பிடிக்கிறது) இல்ல, உள்ள டியூப் இருக்கு. கடையில "டியூப்லெஸ் ரெடி"ன்னு சொல்றது ரிம்மையும் டயரையும் மட்டும்தான். ஃபேக்டரியில பெரும்பாலும் டியூப் போட்டுத்தான் அனுப்புவாங்க. டியூப்லயும் கோர் கழட்டுற வால்வு இருந்தா, நீங்க ஊத்தின 120 மில்லியும் டியூப்புக்குள்ளதான் போயிருக்கு.

ரெண்டு நிமிஷத்துல பாத்துடலாம். காத்தை முழுசா இறக்குங்க. வால்வு நட்டைக் கழட்டி, வால்வை விரலால உள்ள தள்ளுங்க. கூடவே மெத்துன்னு ரப்பர் அசைஞ்சா டியூப். டியூப்லெஸ் வால்வுன்னா அடியில கட்டியா ரப்பர் கூம்பு ரிம்லயே உக்காந்திருக்கும், சுலபமா நகராது. டயர் விளிம்பைக் கட்டை விரலால அமுக்கியும் பாருங்க. டியூப்லெஸ்னா சட்டுனு விடாது.

டியூப்புக்குள்ள சீலண்ட் ஏன் நிக்கலன்னா, முள்ளைப் பிடுங்கினதும் டியூப் டயருக்குள்ள லேசா நகரும், டயர் ஓட்டையும் டியூப் ஓட்டையும் ஒரே இடத்துல இருக்காது. ராத்திரி நிறுத்தினா சீலண்ட் அடியில தேங்கிடும், மேல இருக்கிற ஓட்டை சும்மா கசியும்.

பழைய_செயின்
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

கிராங்கு
சொல்லலையே ஐயா.

சைடுஸ்டாண்டு
கிளேர் பக்கம் இருக்கிறது நெருஞ்சி முள்ளா? ஊர்ல வெறுங்காலோட நடந்தவங்களுக்கு அது பழக்கம்தான் :)

முள்ளுக்காடு
நெருஞ்சியும் உண்டு, அது வெயில் காலச் செடி. ஆனா டயரை அதிகமா சாய்க்கிறது த்ரீ கார்னர் ஜாக்ங்கிற முள்ளுச்செடி. குளிர்காலத்துல வளர்ந்து, வசந்தம் முடியிறப்போ காஞ்சு காயை உதிர்க்கும். எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளு மேல பாத்துத்தான் நிக்கும். கிராவல் (சரளைப் பாதை) டயரோட நடுப்பகுதி தடிமனே 2, 3 மி.மீதான், நேரா உள்ள இறங்கிடும்.

டிரெய்ல் நடுவுல, சக்கரம் ஓடி இறுகின சரளையில முள்ளு குறைவு. ஓரத்துலதான் குவிஞ்சு கிடக்கும். போட்டோ எடுக்கணும்னு புல்லுல சாய்ச்சு வைக்கிறாங்க பாருங்க, முக்கால்வாசிப் பேருக்கு அங்கதான் ஏறுது. நிறுத்தினா பைக்கைத் தூக்கி கேட்டுக் கம்பத்துல சாய்ங்க.

மெல்போர்ன்_மிதி
ஓரத்துல முள்ளுன்னா திராட்சைத் தோட்டத்துக்குள்ள வரிசைக்கு நடுவுல போயிடலாமே? உழுது சுத்தமா இருக்கும், முள்ளே கிடையாது. மெல்போர்ன் கிட்ட யாரா பள்ளத்தாக்குப் பக்கம் அப்படிப் போய்ப் பழக்கம். அடுத்த மாசம் நானும் அங்க வரேன்.

வால்வுமூடி
தயவு செஞ்சு வேண்டாம். யாராவுல 2006லயே ஃபிலாக்ஸெரா கண்டுபிடிச்சாச்சு. சவுத் ஆஸ்திரேலியாவுல இது வரைக்கும் இல்ல. வேரைத் தின்னுற சின்னப் பூச்சி அது, மண்ணோட ஒட்டிக்கிட்டு வரும். மருந்தே கிடையாது. கொடியைப் பிடுங்கிட்டு, அமெரிக்க வேர்க்கட்டை மேல ஒட்டுன செடியை நட வேண்டியதுதான். இங்க பழைய கொடிகள் பெரும்பாலும் சொந்த வேர்ல நிக்குது. பரோசாவுல 1843ல நட்ட கொடி இன்னும் காய்க்குது.

மெல்போர்ன்_மிதி
சும்மா பயமுறுத்தாதீங்க பாஸ். ஒரு சைக்கிள் டயர்ல எவ்வளவு மண்ணு ஒட்டிடப் போகுது? டிராக்டர், அறுவடை மெஷின் எல்லாம் போகலையா?

வால்வுமூடி
மெஷின் மாநில எல்லை தாண்டணும்னா அதுக்குன்னு விதிமுறை இருக்கு, சூடு பண்ணி அனுப்புறாங்க. உங்க டயரை யாரு செக் பண்றா? கிளம்புறதுக்கு முன்னாடி டயர், ஷூ அடி, கிளீட் (ஷூ அடியில பெடல்ல மாட்டுற கட்டை), மட்கார்டு உள்பக்கம் எல்லாத்துலயும் மண்ணை பிரஷ் போட்டு எடுத்துடுங்க. ஷூ அடியை ப்ளீச் கரைசல்ல நனைக்கலாம், ஆனா டிஸ்க் பிரேக் பக்கம் அதைக் கொண்டு போகாதீங்க. மண்ணு இருக்கிற வரைக்கும் ப்ளீச் வேலை செய்யாது.

பழைய_செயின்
அதோட அது தனியார் நிலம். கேட் திறந்திருந்தா வழின்னு அர்த்தம் இல்ல. கிராவல்தான் வேணும்னா ஸ்ப்ரிங் கல்லி லூப், ஃபாதர் ரோகால்ஸ்கி லூப், ஜான் ஹாராக்ஸ் லூப்னு மூணு இருக்கு, எல்லாம் ரீஸ்லிங் டிரெய்ல்ல இருந்தே பிரியுது. அமைதியான ரோடு, கார் வர்றது அபூர்வம். மாசன் டிரெய்ல்ங்கிற நெடுந்தூர சைக்கிள் பாதையும் அந்த வழியாத்தான் போகுது. மழை பெஞ்ச மறுநாள் மட்டும் அந்த மண் ரோடுங்க வேண்டாம். களிமண்ணு ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவுல அடைச்சு சக்கரமே சுத்தாது.

மெல்போர்ன்_மிதி
சரி சரி, உள்ள போகல. சண்டை வேண்டாம்.

சரளைப்பிரியன்
டியூப்தான் இருந்துச்சு!! 7 ஓட்டை. பேட்ச் ஒட்டவே மாட்டேங்குது. டியூப்லெஸ் கிட் வாங்கிட்டேன், இன்னிக்கு ராத்திரியே மாத்திடவா?

முள்ளுக்காடு
வேண்டாம். நாளைக்கு ரைடு வச்சுக்கிட்டு இன்னிக்கு முதல் தடவையா மாத்தாதீங்க. விளிம்பு உக்காரலன்னா கைப்பம்பால முடியாது, கம்ப்ரஸர் வேணும். உக்காந்தாலும் ஒரு ரைடு ஓட்டி, ரெண்டு ராத்திரி வச்சுப் பாத்தாத்தான் நம்பலாம்.

அந்த டியூப்பைத் தூக்கிப் போடுங்க. ஓட்டை வழியா சீலண்ட் கசிஞ்சுக்கிட்டே இருந்தா சொல்யூஷன் பிடிக்காது. 700×35–43ன்னு போட்ட டியூப் வாங்குங்க, ஒண்ணு இல்ல, மூணு. புதுசு போடுறதுக்கு முன்னாடி டயரோட உள்பக்கத்தை முழுசா பஞ்சால துடைங்க. வெறும் விரலை விடாதீங்க, கிழிச்சிடும். ஒடைஞ்ச முள்ளு நுனி இருந்தா பஞ்சு நூல் அதுல மாட்டும். அதைச் சின்ன குறடால வெளியில இருந்து இழுங்க. இதை விட்டா புது டியூப்பும் பத்து கிலோமீட்டர்ல போயிடும்.

டியூப்போட 32 பிஎஸ்ஐ உங்க எடைக்குக் குறைவு, கல்லுல இடிச்சா ரிம் டியூப்பை நசுக்கி ரெண்டு ஓட்டை போடும். பின்னாடி 42, முன்னாடி 38 வைங்க. முன் சக்கரத்துலயும் டியூப்தான் இருக்கும், அதையும் பாத்துடுங்க.

கிராங்கு
வழியில முள்ளு ஏறுனா பிடுங்கணுமா வேண்டாமான்னு ஒரு பஞ்சாயத்து பாக்கி இருக்கு. டியூப்லெஸ்ல பிடுங்கிட்டு, ஓட்டையைக் கீழ வர வச்சு அரை நிமிஷம் நிறுத்தினா அடைஞ்சிடும். டியூப்ல பிடுங்கினா அப்பவே காலி. காத்து இருக்கிற வரைக்கும் அப்படியே விட்டு, கிளேர் வந்து சேர்ந்து மாத்துங்க.

வால்வுமூடி
ஒத்துக்க மாட்டேன். விட்டா ஒவ்வொரு சுத்துலயும் இன்னும் ஆழமா போகும், ஒரு ஓட்டை ரெண்டாகும்.

கிராங்கு
33 கிலோமீட்டர்தானே டிரெய்ல். அதுக்குள்ள என்ன ரெண்டாகப் போகுது?

சைடுஸ்டாண்டு
அவர் ரிவர்டன்ல இருந்து ஆபர்ன் வர்ற ராட்லர் டிரெய்லும் சேத்து ஓட்டினா இன்னொரு 19.

சரளைப்பிரியன்
டயர்ல ரெண்டு முள்ளு நுனி இருந்துச்சு, எடுத்தாச்சு. முன்னாடியும் டியூப்தான். ராத்திரி அடிச்ச 42 காலையில 41. கிளம்பியாச்சு, நன்றி.

பழைய_செயின்
பம்பு எடுத்தீங்களா?