டொமாட்டியோவுக்கு எத்தனை அடி இடைவெளி விடுகிறீர்கள்?

கொல்லைப்பக்கம்:
நியூ ஜெர்சியில் இருக்கிறோம். போன மே கடைசியில் 8 அடிக்கு 4 அடி பாத்தியில், அடிக்கு ஒன்றாக ஒரு டஜன் டொமாட்டியோ (சொடக்குத் தக்காளி மாதிரி மெல்லிய உறைக்குள் காய்க்கும் மெக்சிகோ காய்) நாற்று நட்டேன், மிஞ்சிய ஒன்றைச் சின்னப் பசுமைக்குடிலுக்குள் வைத்தேன். ஆகஸ்டில் பாத்தி புதராகிவிட்டது, கையே நுழையவில்லை, காயெல்லாம் கோலிக்குண்டு அளவுதான். குடிலுக்குள் இருந்தது பூவாகப் பூத்துக் கொட்டியது, நின்ற ஒன்றிரண்டிலும் உறைக்குள் வெறும் காற்று. சின்ன வயதில் சொடக்குத் தக்காளியை நெற்றியில் அடித்து உடைப்போமே, அதற்குத்தான் ஆனது. இந்த வருஷம் இடைவெளியைக் கூட்டினால் இரண்டும் சரியாகிவிடுமா?

பச்சைமிளகாய்:
குடிலுக்குள் நடந்ததற்கும் இடைவெளிக்கும் சம்பந்தமே இல்லைங்க. டொமாட்டியோ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது, அதனால் தக்காளிக்குச் செய்வதுபோல் கொத்தைத் தட்டிவிட்டும் பயனில்லை. விதையிலிருந்து வந்த இரண்டு செடியாவது வேண்டும் (ஒரே செடியில் கிள்ளி வேர்விட வைத்த கிளை கணக்கில் வராது), தேனீயும் வேண்டும். காலையில் குடில் கதவைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் சின்ன பிரஷ்ஷால் ஒரு செடியின் பூவிலிருந்து மற்றதன் பூவுக்குத் தடவுங்கள். அப்புறம் உள்ளே வெயில் கொதித்தாலும் பூ உதிரும்.

வேலிக்கால்:
பாத்தி விஷயத்துக்கு வருகிறேன். இது 3, 4 அடி உயரம் போகும், அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவு, தரையைத் தொட்ட கிளை அங்கேயே வேர் விட்டுவிடும். செடிக்குச் செடி 2 முதல் 3 அடி, வரிசைக்கு வரிசை 3 அடிக்குக் குறையாமல் விடுவது வழக்கம். உங்கள் பாத்தியில் ஐந்தாறு செடிக்கு மேல் தாங்காது. குடிலுக்குள் கயிறு கட்டி மேலே ஏற்றி, இரண்டு மூன்று தண்டு மட்டும் விட்டால் ஒன்றரை அடியிலும் சமாளிக்கலாம், ஆனால் காற்றோட்டம் இல்லாவிட்டால் இலை நனைந்தே கிடந்து நோய் வரும்.

கத்திரிவெயில்:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். செடிக்கு எவ்வளவு காய் என்று பார்த்தால் இடைவெளி கூடக்கூட நல்லதுதான், பாத்திக்கு எவ்வளவு என்று பார்த்தால் ஓரளவு நெருக்கி நட்டால்தான் லாபம், செடிக்குச் செடி காய் குறைந்தாலும் எண்ணிக்கை ஈடுகட்டிவிடும். நம் பக்கம் அக்டோபரில் உறைபனி விழுந்துவிடும், அகலமாகப் படர்ந்த கிளையில் கடைசியாகப் பிடித்த காய் உறையை நிரப்பும் முன்பே கருகிப்போகும். நான் கம்பிக்கூண்டு போட்டு ஒன்றரை அடியில் நடுகிறேன். காய் கொஞ்சம் சின்னதுதான், பச்சைமிளகாயோடு சுட்டுத் துவையல் அரைப்பதற்கு அதுவே போதும். ஆனால் ஒரு அடி ரொம்ப நெருக்கம், உள்ளே பூத்த பூவைத் தேனீயே பார்த்திருக்காது.

கொல்லைப்பக்கம்:
சரி, பாதிப் பாத்தி 2 அடியில், பாதி கூண்டோடு ஒன்றரை அடியில், குடிலுக்குள் இரண்டு செடி. குடிலில் ஜோடிக்குச் சொடக்குத் தக்காளியை வைத்தால் ஆகாதா?

பச்சைமிளகாய்:
அது வேறு இனம், அதை நம்ப வேண்டாம். இன்னொரு டொமாட்டியோவே வையுங்கள்.