வீ ரிமோட்: திரையில் கைச்சின்னம் நிற்கவில்லை, உதவி தேவை

வணக்கம். மும்பை செம்பூரில் இருக்கிறேன். 2006இல் வெளியான நின்டெண்டோ வீ (டிவியில் இணைத்து விளையாடும் வீடியோ கேம் கருவி) ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. சில நாட்களாக, ரிமோட்டை நீட்டும் இடத்தைத் திரையில் காட்டும் கைச்சின்னம் நடுங்குகிறது, பிறகு காணாமல் போகிறது. பொத்தான்கள் வேலை செய்கின்றன. பௌலிங் விளையாட்டில் ரிமோட்டோடு கையை வீசினால் பந்தும் ஒழுங்காக உருளுகிறது. ஆகவே புளூடூத்திலோ அசைவு உணரியிலோ கோளாறு இல்லை.

பேட்டரி மாற்றினேன். சன்னல் வெயில் குழப்புகிறதோ என்று திரைச்சீலையையும் இழுத்துவிட்டேன். பயனில்லை.

டிவிக்கு மேலுள்ள சென்சார் பட்டை உண்மையில் எதையும் உணர்வதில்லை. இரு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். அவற்றைப் பார்க்கும் கேமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் பார்த்தால் இடது முனை மங்கிய ஊதாவாக ஒளிர்கிறது, வலது முனை இருட்டு. மெழுகுவர்த்திச் சுடரிலும் அகச்சிவப்பு உண்டு என்பதால், பட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு சாண் இடைவெளியில் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றினேன். சின்னம் அசையாமல் நின்றது! டிவிக்குத் தீபாராதனையா என்று அம்மா கேட்டதுதான் மிச்சம்.

பழுது பட்டையில்தான். அதைப் பிரித்து வலது முனை விளக்குகளை மட்டும் மாற்ற முடியுமா? அல்லது மின்னணுப் பொருள் கடைகள் உள்ள லேமிங்டன் சாலையில் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி வாங்கி, யூஎஸ்பியின் 5 வோல்ட்டில் ஓடும் பட்டை ஒன்றை நானே செய்துவிடலாமா? அப்படியானால் எத்தனை ஓம் மின்தடை போட வேண்டும்? சால்டரிங் எனக்குப் பழக்கம்தான். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். "புதிதாக வேறொன்று வாங்கிவிடுங்கள்" என்ற யோசனை மட்டும் வேண்டாம்.