புதுப்பிப்பு: அது பக்கி அல்ல, தவளைவாயன்

சென்ற வாரம் கேரளத்தின் தட்டேக்காடு காட்டில் எடுத்த மங்கலான படம் ஒன்றைப் போட்டு, "காய்ந்த இலைக்கொத்து போல இருக்கும் இது, இரவில் பறந்து பூச்சி பிடிக்கும் பக்கிப் பறவைதானே?" என்று கேட்டிருந்தேன். இல்லை. படத்தைப் பெரிதாக்கியதும் குட்டு வெளிப்பட்டது: அகன்ற வாய், அலகைச் சுற்றி விறைத்த மீசை. இது இலங்கைத் தவளைவாயன். இலங்கையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மட்டுமே வாழ்கிற பறவை. கிளையில் தங்கும் பக்கி பெரும்பாலும் நீளவாக்கில் படுத்திருக்கும். இதுவோ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நேற்று மறுபடியும் போனேன். கால் மணி நேரம் தேடினேன். கடைசியில் பார்த்தால், மூக்குக்கு நேரே, கைக்கெட்டும் உயரத்தில்! அதுவும் ஜோடியாக: சாம்பல் நிறத்தில் ஆண், செம்பழுப்பில் பெண், தோளோடு தோள் ஒட்டியபடி. என் காலடியில் சருகு நொறுங்கியது. அவை பறக்கவில்லை, கண்களை இடுக்கி, அலகை மெல்ல வானத்தை நோக்கி உயர்த்தி, இரண்டு முறிந்த கிளைகளாகிவிட்டன.

இரண்டே படங்கள் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். எந்த மரம் என்று கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், சொல்வதாக இல்லை.