மதியமானால் நின்றுவிடும் சில்லர்: கேஸ் குறைவா, வேறு கோளாறா?

ஒரகடம் பிளாண்ட்:
வணக்கம். ஒரகடம் பக்கம் ஒரு ரெடிமிக்ஸ் கான்கிரீட் பிளாண்டில் பராமரிப்பைப் பார்க்கிறேன். கலவை நீரைக் குளிர்விக்க ஏர் கூல்டு ஸ்க்ரூ சில்லர் (விசிறிக் காற்றால் வெப்பத்தை வெளியேற்றும் குளிர்விப்பு இயந்திரம்) இருக்கிறது, அதில் ஓடும் குளிரூட்டும் கேஸ் ஆர்-134ஏ. காலையில் 7 டிகிரி நீர் தருகிறது. பகல் 1 மணிக்கு மேல், வெயில் 38 டிகிரியைத் தொட்டதும், ஹை பிரஷர் 260 பிஎஸ்ஐ காட்டி டிரிப் ஆகி நின்றுவிடுகிறது. ரீசெட் செய்தால் கால் மணி நேரம் ஓடும். மறுபடி அதே கதை. தொட்டி நீர் 14 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. சர்வீஸுக்கு வந்தவர் கேஸ் குறைவு என்று ஏற்றிவிட்டுப் போனார். இப்போது முன்னைவிடச் சீக்கிரம் நிற்கிறது. அடுத்த வாரம் ராஃப்ட் (கட்டட அடித்தளப் பலகை) கான்கிரீட். கலவை 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று கன்சல்டன்ட் கறாராக இருக்கிறார். கண்டென்சரை, அதாவது வெப்பத்தை வெளியேற்றும் காயிலை, வாரந்தோறும் பிரஷ் போட்டுத்தான் வருகிறோம்.

சேலம் மெக்கானிக்:
விசிறி மோட்டார் எதையாவது ரீவைண்டிங் செய்து மாட்டினீர்களா? ஒன்று மட்டும் தலைகீழாகச் சுற்றினாலும் இப்படித்தான் ஆகும்.

பழைய கம்ப்ரஸர்:
தம்பி, கேஸ் குறைந்தால் கம்ப்ரஸர் கேஸை இழுக்கும் பக்கத்து அழுத்தமான சக்‌ஷன் விழுந்து லோ பிரஷரில் நிற்கும். ஹை பிரஷரில் நிற்கிற இயந்திரத்துக்குக் கேஸ் ஏற்றியவரை இனி வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். எது புரியாவிட்டாலும் சிலிண்டரைத் திறப்பது நம் தொழிலைப் பிடித்த வியாதி.

260 பிஎஸ்ஐ என்றால் கேஸ் 65 டிகிரியில்தான் திரவமாகிறது. 38 டிகிரி காற்றுக்கு 52 டிகிரி போதும். கேஜில் 190 பிஎஸ்ஐ-க்குள் நிற்க வேண்டும். வெப்பம் வெளியேற வழியில்லை என்பதுதான் இதற்குப் பொருள். சிமெண்ட் சேமிக்கும் சைலோவும் பக்கத்தில்தானே இருக்கும்? பிரஷ் காயிலின் வெளி முகத்தைத் துலக்கும். சிமெண்ட் தூளை உள்வரிசைக் குழாய்களுக்கிடையே தள்ளிவிடும். இரவு ஈரத்தில் அது சாம்பல் ஓடாக இறுகும். மெயினை அணைத்து, பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லி வெளியே நின்று பாருங்கள். வெளிச்சம் வராத இடமெல்லாம் அடைப்பு.

முதலில் தண்ணீர் காட்டாதீர்கள். உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்துத் தூளை உதிர்த்துவிட்டு, பிறகு மிதமான அழுத்தத்தில் நீர் விடுங்கள். ஆசிட் வேண்டவே வேண்டாம். சிமெண்டுக்கு முன்னால் காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகளான ஃபின் கரைந்துவிடும். ஏற்றிய கேஸையும் அளந்து சிலிண்டரில் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். சைலோ உச்சியில் இருக்கும் ஃபில்டர் பை கிழிந்திருந்தால் இத்தனையும் பத்து நாளுக்குத்தான்.

இன்னொன்று: வெயில் படக் கூடாதென்று சில்லருக்கு மேல் தகர ஷெட் போட்டிருக்கிறீர்களா?

மலைச் சுரங்கம்:
லடாக்கில் எங்களுக்கு இதன் நேர் எதிர்ப்பக்கம். டீசல் பர்னர் ஹீட்டரில் 60 டிகிரிக்கு நீரைச் சூடாக்கி, ஜல்லி, மணலோடு முதலில் கலந்து, பிறகுதான் சிமெண்ட் சேர்ப்போம். அங்கும் இதே பாடுதான்: புகைபோக்கி வெப்பம் ஏறினால் நெருப்புப் பக்கம் கரி, இல்லையென்றால் நீர்ப்பக்கம் உப்பு. தரையில் செட் செய்த பர்னரை மலையில் அப்படியே ஓட்டினால் காற்று போதாமல் கரி கட்டும். வேலை முடிந்ததும் குழாயை வடிக்காவிட்டால் காலையில் வெடித்துக் கிடக்கும். அது கிடக்கட்டும், உங்கள் குளிர்நீர்த் தொட்டிக்கு இன்சுலேஷன் உண்டா?

ஒரகடம் பிளாண்ட்:
விசிறிகள் சரியாகச் சுற்றுகின்றன. டார்ச் அடித்ததில், சைலோவைப் பார்த்த காயிலில் பாதிக்கு மேல் இருட்டு. காற்றடித்ததும் தூள் மேகமாகக் கிளம்பியது. கழுவி, அதிகக் கேஸை எடுத்தபின் பகல் 2 மணிக்கு 205 பிஎஸ்ஐ. நீர் 8 டிகிரி. டிரிப் இல்லை. அண்ணா, ஷெட் இருக்கிறது, விசிறிக்கு நான்கு அடி உயரத்தில். தொட்டியின் இன்சுலேஷன் ஒரு பக்கம் பிய்ந்து தொங்குகிறது.

பழைய கம்ப்ரஸர்:
மீதிப் பிரஷர் அந்த ஷெட்டில்தான் இருக்கிறது. விசிறி மேலே தள்ளும் சுடுகாற்று தகரத்தில் முட்டிக் காயிலுக்கே திரும்புகிறது. பிரித்துவிடுங்கள்; சில்லர் வெயிலில் நிற்கச் செய்யப்பட்டதுதான். தொட்டியையும் மூடிவிடுங்கள். ஆனால் ஒரு கணக்கு: நீரில் 4 டிகிரி குறைத்தால் கலவையில் 1 டிகிரிதான் குறையும். ஜல்லி வெயிலில் காய்ந்து கிடந்தால் 7 டிகிரி நீர் மட்டும் 30-ஐத் தராமல் போகலாம். ஒரு கனமீட்டருக்கு 40 கிலோ நீரைப் பனிக்கட்டித் தூளாகப் போட்டால் இன்னும் 5 டிகிரி இறங்கும். ராஃப்ட் அன்றைக்கு ஐஸ் லாரிக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.