காப்பித் தோட்டக் கோட்டுக்கு வாங்கிய 240 ஜி.எஸ்.எம். துணி துவைத்ததும் மெலிந்துவிட்டது, ஏன்?

மலைத்தையல் (ஏற்காடு):

வணக்கம். ஏற்காட்டில் பதினோரு ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கையும் பள்ளிச் சீருடையும்தான் வழக்கமான வேலை. இப்போது ஒரு தோட்டத்திலிருந்து, காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ள முழங்கால் நீளக் கோட்டு 30 கேட்டிருக்கிறார்கள். இத்தனை நாளும் அந்தப் பெண்கள் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைத்தான் மாட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்கென்று அளவெடுத்து ஒரு துணி தைப்பது இதுவே முதல் தடவை. அது சரியாக அமைய வேண்டுமே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

சேலத்து மொத்தக் கடை ஒன்றில் தொலைபேசியில் விசாரித்தேன். "240 ஜி.எஸ்.எம்., நல்ல கனம்" என்றார்கள். மாதிரிக்கு 4 மீட்டர் வரவழைத்தேன். கையில் எடுத்தால் அட்டை போல நின்றது. வெட்டும்போது கத்தரிக்கோலில் வெள்ளைத் தூள் படிந்தது. ஒரு கோட்டு தைத்து ஒரு முறை துவைத்தேன். பனியில் மூன்று நாள் கொடியில் கிடந்து காய்ந்தபின் எடுத்துப் பார்த்தால், ஜன்னலுக்கு நேரே பிடிக்கும்போது எதிரே நிற்கும் சில்வர் ஓக் மரம் துணி வழியாகத் தெரிகிறது.

இந்த ஜி.எஸ்.எம். கணக்கை நம்பலாமா? காலைக் குளிருக்கும் நனைந்த செடிக்கும் எந்தத் துணி தாங்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாவும் ஊடையும் (அம்மாப்பேட்டை, சேலம்):

அம்மா, கத்தரிக்கோலில் படிந்த அந்தத் தூள்தான் விடை. கஞ்சி ஏற்றிய துணியை உங்களிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகள் தறியில் இருந்தவன் நான், முதலில் கைத்தறி, பிறகு விசைத்தறி. நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடாமல் நெய்ய முடியாது. அறுந்துகொண்டே இருக்கும். ஆனால் நெய்து முடித்தபின் எடையைக் கூட்டிக் காட்டுவதற்காக ஏற்றும் கஞ்சி வேறு. முதல் தண்ணீரிலேயே அது போய்விடும்.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். நீங்களே பார்த்துவிடலாம். 10 சென்டிமீட்டருக்கு 10 என்று ஒரு சதுரம் வெட்டி, நகை எடை போடும் தராசில் வையுங்கள். வரும் கிராமை 100ஆல் பெருக்குங்கள். பிறகு அதே துண்டை வெந்நீரில் அலசிக் காயவைத்து, தேய்த்து, மறுபடியும் நீள அகலம் அளந்து எடை போடுங்கள். துண்டு சுருங்கியிருக்கும். அதனால் புதிய பரப்பைக்கொண்டுதான் கணக்கிட வேண்டும். பனி மூடிய நாளில் மட்டும் எடை பார்க்காதீர்கள். பருத்தி காற்றின் ஈரத்தைக் குடித்துக் கனம் காட்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கஞ்சியே இல்லாவிட்டாலும் எடை ஒன்றை வைத்துத் துணியைத் தேர்ந்தெடுக்க முடியாது. நூலின் நம்பர் தெரிய வேண்டும். ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டம், அதாவது அந்த நீளமுள்ள நூற்கட்டு, எத்தனை வருகிறதோ அதுதான் நம்பர். 10ஆம் நம்பர் தடித்த நூல், 40 மெல்லியது, 100 வேட்டிக்குப் போகும் நைசு நூல். இப்போது இரண்டு துணியை எண்ணிப் பாருங்கள். ஒன்று 10ஆம் நம்பர் நூல், அங்குலத்துக்குப் பாவு 44, குறுக்கே ஓடும் ஊடை 38. மற்றொன்று 20ஆம் நம்பர், பாவு 108, ஊடை 56, சாய்வரி ஓடும் டிரில். இரண்டும் ஏறக்குறைய 200 ஜி.எஸ்.எம். முதல் துணியில் நூலுக்கு நூல் சந்து இருக்கும், காற்று வீட்டுக்குள் வருவதுபோல வரும். இரண்டாவதில் ஊசி நுழையவே இடம் தேட வேண்டும். உங்களுக்கு வந்தது முதல் ஜாதி என்று நினைக்கிறேன். அந்தச் சந்தைத்தான் கஞ்சி அடைத்திருந்தது.

நம்பரையும் பாவு ஊடை எண்ணிக்கையையும் கேளுங்கள். சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

பனியன் மாஸ்டர் (சேலம்):

ஐயா சொன்னது சரி. திருப்பூரில் பனியன் துணிக்குச் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டும் கருவியே வைத்திருந்தோம், கணக்கு இதே கணக்குதான். ஜீன்ஸ் துணியை அவுன்சில் சொல்வார்கள். சதுர கஜத்துக்கு ஓர் அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 34 ஜி.எஸ்.எம்.

அக்கா, மூன்று நாள் காயவில்லை என்கிறீர்கள். டெரிகாட்டன் டிரில் யோசித்தீர்களா? சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரம் வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைத்திருக்காது. கலந்த துணி ஒரே நாளில் காய்ந்துவிடும். இங்கே சேலத்து மே மாதத்தில் நான் அதைத் தொடவே மாட்டேன், 140 ஜி.எஸ்.எம். பருத்திப் பனியனே கசகசக்கிறது. மலைக்கு அது பொருந்தும்.

பழம் பறித்தவள் (நாகலூர்):

டெரிகாட்டன் வேண்டாம் அக்கா. பறிப்புக்கு இறங்கும் முன் சருகு மூட்டிக் குளிர் காய்வோம். வீட்டில் விறகடுப்பு. பருத்தியில் பொறி பட்டால் ஓட்டை விழும், தட்டிவிடலாம். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். என் அம்மாவின் முன்கையில் கடைசிவரை அந்தத் தழும்பு இருந்தது.

முழங்கால் நீளமும் வேண்டாம். ஏழு மணிக்குச் செடிக்குள் புகுந்தால் இடுப்புக்குக் கீழே எல்லாம் நனையும். பருத்தி நனைந்தால் கனத்துப்போய்க் காலைத் தட்டும், சரிவில் அது ஆபத்து. நாங்கள் இடுப்பில் பிளாஸ்டிக் தாளோ உரச் சாக்கோ கட்டிக்கொள்வோம், எப்படியும் கட்டத்தான் போகிறார்கள். கோட்டை இடுப்புக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டு, அந்தத் தாளைக் கோர்த்துக் கட்ட நான்கு காது வைத்துக் கொடுங்கள். கை நுனியில் பொத்தான் வையுங்கள். கிளையை வளைக்கும்போது தொங்குகிற கை வழியாகத் தண்ணீர் முழங்கைவரை ஓடும். அந்தச் சில்லிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

மலைத்தையல்:

எல்லோருக்கும் நன்றி. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் என் தம்பியிடம் துண்டைக் கொடுத்தனுப்பினேன். வெள்ளி எடை போடும் தராசில் 2.35 கிராம். அலசிக் காய்ந்தபின் 1.88 கிராம், அளவு 9.6க்கு 9.8. ஆக 235 என்று இருந்தது 200க்கு இறங்கிவிட்டது. துண்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கஞ்சி! துணி சுருங்கி நெருங்கிய பிறகும் இந்த நிலை. பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன், ஐயா சொன்ன மாதிரியே அங்குலத்துக்குப் பாவு 44.

ஐயா, டிரில் மட்டும் போதுமா? காலையில் குளிர் எலும்பைத் தொடுகிறது.

பாவும் ஊடையும்:

டிரில் காற்றைத் தடுக்கும். உடம்பின் சூட்டைக் காப்பது நூலிடையே அசையாமல் நிற்கும் காற்று. அதற்கு மயிர் எழுப்பிய பருத்தி ஃபிளானல் வேண்டும், 160, 170 ஜி.எஸ்.எம். போதும். முதுகுக்கும் மார்புக்கும் மட்டும் உள்ளே கொடுங்கள், கைக்கு வேண்டாம். பத்து மணி வெயிலில் கழற்றி மடித்துக் கூடையோரம் வைக்கும் கனம்தான் இருக்க வேண்டும். மயிர் எழுப்பிய துணியில் தீ சட்டென்று பரவும். அதனால் ஃபிளானல் எங்கும் வெளியே தெரியாதபடி டிரில்லுக்குள் மூடித் தையுங்கள். நாகலூர் மகள் சொன்னதைக் கேட்டபின் அதுதான் என் கவலை.

மலைத்தையல்:

அப்படியே செய்கிறேன் ஐயா. வேறு கடையில் 20ஆம் நம்பர் டிரில் வாங்கிவிட்டேன். துண்டு 2.12 கிராம், அலசியபின் 2.05, அளவு 9.7க்கு 9.8. இப்போது 216 ஜி.எஸ்.எம். ஜன்னலில் பிடித்தேன், சில்வர் ஓக் தெரியவில்லை. நீளவாக்கில் மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் சுருங்குவதால் வெட்டுவதற்கு முன்பே நனைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். பாதித் துணி நேற்று இரவிலிருந்து தொட்டியில் ஊறுகிறது. நாளை வெயில் வந்தால் மாடியில் விரித்துக் காயவைப்பேன்.